உருபின்மேல் உருபு: கொரிய மொழி பயில்வோர் கற்கும் சிறு சொற்கள்

பிறமொழி ஒன்றைப் பயிலப் புகுவோர் முதலிற் பெயர்ச்சொற்களையும் வினைச்சொற்களையும் தேடித் தொகுப்பது வழக்கம். நீர், சோறு, வீடு, வா, போ என்பன ஒரு வாரத்துள் நாவில் ஏறிவிடும். ஆயின் அச்சொற்களை ஒன்றோடொன்று பிணைக்கும் சிறு உருபுகளோ ஆண்டுகள் பல சென்ற பின்னும் முற்றாக வசப்படுவதில்லை. தனியே நிற்கும்போது பொருள் தராத இவ்வெழுத்துத் துணுக்குகளே வாக்கியத்தின் பொருளை நிலைநிறுத்துவன. இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டும் மொழிகளுள் ஒன்று கொரிய மொழி.

தொழிற்சாலை ஒன்றின் சுவரில் மூன்று அறிவித்தல்கள் உள்ளன எனக் கொள்வோம். கொரிய மொழியில் ‘யொகி’ என்றால் ‘இங்கு’. முதல் அறிவித்தல் ‘யொகி-எசொ-மன்’ என்று தொடங்குகிறது; ‘இங்கு மட்டும் புகை பிடிக்கலாம்’ என்பது அதன் கருத்து. இரண்டாவது ‘யொகி-எசொ-தோ’ என்று தொடங்குகிறது. ‘இங்கும் புகை பிடிக்கலாம்’ என்பது கருத்து. மூன்றாவது ‘யொகி-எசொ-நுன்’ என்பது. ‘இங்கோ புகை பிடித்தல் ஆகாது’ என்று அது முடியும். மூன்றிலும் ‘எசொ’ என்னும் இடவுருபு பொதுவாக நிற்கிறது. அதன்மேல் ஏறிய ஓரசைதான் வேறு. மட்டும் என்பதற்கும் உம் என்பதற்கும் இடையிலுள்ள வேற்றுமையை அறியாதவன், எரிபொருள் வைக்கப்பட்ட இடத்தருகே தீக்குச்சியை உரசினும் உரசுவான். எனவே உருபின்மேல் உருபு ஏறும் முறையைக் கற்றல் வெறும் இலக்கணப் பொழுதுபோக்கன்று.

கற்போர் யாவர்?

கொரிய மொழியின் தேர்ச்சியை அளக்கும் பொதுப் பரீட்சை 1997 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. உயர்கல்வியை நாடுவோரும், கொரிய நாட்டுத் திரைப்படங்களையும் இசையையும் விரும்பிக் கற்போரும் அப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். மற்றொரு சாரார், தொழில் வேண்டிக் கற்போர். தென்கொரியா 2004 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அயல்நாட்டுத் தொழிலாளருக்கான வேலை அனுமதி முறையை நடைமுறைப்படுத்தியது. அதன் பொருட்டு அவ்வாண்டிலேயே உடன்பாடு செய்துகொண்ட நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அம்முறையின்கீழ்ச் செல்ல விரும்புவோர் வாசித்தலிலும் கேட்டலிலும் மொழிப் பரீட்சை எழுதவேண்டும். எமது நாட்டின் இளைஞர் பலர் கொப்பியும் பென்சிலுமாகக் கொரிய எழுத்துக்களோடு இராப்பகலாக மல்லாடுவது இதனாலேயாம். அவர்களுள் தமிழ் பேசுவோருக்கு ஒரு நற்பேறும் உண்டு. அதனுள்ளே ஒரு பொறியும் உண்டு. இவ்விரண்டையும் எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒட்டி எழுதும் மொழி

கொரிய எழுத்து முறையைச் செஜோங் மன்னர் 1443 ஆம் ஆண்டு ஆக்கி 1446 ஆம் ஆண்டு நாட்டுக்கு வெளிப்படுத்தினார். எழுத்துக்களைக் கற்பது கடினமன்று. கடினம் சொற்றொடரிலேயே தொடங்குகிறது. தமிழைப் போன்றே கொரியமும் ஒட்டுநிலை மொழி. பெயர்ச்சொல் உருமாறாது முன்னே நிற்க, உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக அதன் பின்னே ஒட்டுகின்றன. வினைச்சொல் வாக்கியத்தின் இறுதியில் வருகிறது.

தென்கொரியப் பாடசாலை இலக்கணம் சொற்களை 9 வகையாகப் பிரித்து, உருபுகளை அவற்றுள் ஒரு தனிவகையாக வைக்கிறது. ஆயினும் எழுதும்போது அவை தனித்து நிற்பதில்லை. 1988 ஆம் ஆண்டு வெளியான எழுத்து விதிகளின் 41 ஆம் பிரிவு, உருபு முன்சொல்லோடு சேர்த்தே எழுதப்பட வேண்டும் என்கிறது. அதற்கு உதாரணமாக எடுக்கப்பட்ட சொல் ‘பூ’ என்பது. பூவுக்குப் பின்னே ‘எசொ’, அதன் பின்னே ‘புத்தொ’ என இரண்டு உருபுகள் அடுக்கி வருவதையும் ஆங்குக் காணலாம். ‘பூவிலிருந்து தொடங்கி’ என்பது அதன் பொருள்.

ஈண்டு உச்சரிப்பைப் பற்றி ஒரு சொல். ‘உன், நுன், உல், ருல், உரோ’ என நாம் எழுதும் உருபுகளில் வரும் உகரம் இதழ் குவியாதது. ‘பந்து’, ‘காற்று’ என்பவற்றின் ஈற்றில் நாம் ஒலிக்கும் குற்றியலுகரத்தை நினைவிற் கொண்டால் அது தானே கைவரும். ஆங்கிலேயருக்கு எளிதில் வாராத இவ்வொலி தமிழருக்குப் பிறப்பிலேயே வாய்த்தது.

உருபுகள் நிற்கும் வரிசை

அடுக்கி வரும் உருபுகள் தாம் விரும்பியவாறு நிற்பதில்லை. பெயரை அடுத்து இடம், திசை, கருவி, கொள்வோன் முதலியவற்றைக் காட்டும் உருபு நிற்கும். ‘எ’, ‘எசொ’, ‘எகெ’, ‘உரோ’ என்பன இத்தகையன. அதன்மேல் ‘புத்தொ’ (தொடங்கி), ‘கஜி’ (வரை) என்பன வரலாம். அதன்மேல் ‘மன்’ (மட்டும்) வரலாம். யாவற்றுக்கும் புறத்தே ‘தோ’ (உம்) அல்லது ‘உன், நுன்’ நிற்கும். பின்னதைத் தலைப்புருபு எனலாம். இதுவரை பேசிய பொருளிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுத்து முன்வைப்பது அதன் தொழில். பள்ளிக்கூடம் ‘ஹக்கியோ’ எனப்படும். ‘ஹக்கியோ-எசொ-மன்-உன்’ என்றால் ‘மற்றை இடங்களில் எப்படியோ, பள்ளிக்கூடத்தில் மட்டுமாவது’ என்னும் கருத்துத் தோன்றும். மூன்று சிற்றுருபுகள் இவ்வளவு கருத்தைச் சுமக்கின்றன.

இரண்டு விலக்குகளை இங்கே கருத்தில் இருத்துதல் வேண்டும். எழுவாயைக் காட்டும் ‘இ, கா’ என்னும் உருபும், செயப்படுபொருளைக் காட்டும் ‘உல், ருல்’ என்னும் உருபும் ‘தோ’ வந்தவுடன் மறைந்துவிடும்; தலைப்புருபு வந்தாலும் அவ்வாறே. ‘மன்’ வரும்போதோ அவை மறையவும் கூடும், அதன் பின்னே ஒட்டி நிற்கவும் கூடும். இஃது ஒன்று.

மற்றையது, பெரியோரைக் குறிக்கும் மரியாதை எழுவாய் உருபாகிய ‘கெசொ’ பற்றியது. அது மறைவதில்லை. ‘ஹல்மொனி’ என்றால் பாட்டி. ‘பாட்டியாரும்’ என்பதற்கு ‘ஹல்மொனி-கெசொ-தோ’ என்றே மொழிவர். நண்பனுக்குரிய எழுவாய் உருபு கழன்று விழ, பாட்டியாருக்குரிய மரியாதை மட்டும் இடம்பெயராது நிற்கிறது.

தமிழருக்கு வாய்த்த எளிமை

‘தோ’ என்னும் உருபைத் தமிழ் மாணவன் முதன்முறை காணும்போது பழைய நண்பனைக் கண்டதுபோல் மகிழலாம். எமது உம்மை செய்யும் தொழில்களுட் பலவற்றை அது செய்கிறது. ‘நா-தோ’ என்றால் ‘நானும்’. ‘ஜிப்-எசொ-தோ’ என்றால் ‘வீட்டிலும்’. ‘அமு-தோ’ என்பதை எதிர்மறை வினையோடு சேர்த்தால் ‘ஒருவரும் இல்லை’ என்னும் முற்றும்மை கிடைக்கிறது. வினையோடு சேர்ந்து ‘கா-தோ’ என வந்தால் ‘போனாலும்’ என்று பொருள்படும். தொல்காப்பியர் உம்மைக்கு எட்டுப் பொருள் கூறினார். அவற்றைப் பள்ளியிற் கற்ற மாணாக்கருக்கு இக்கொரிய உருபின் போக்கு புதிதாகத் தோன்றாது.

உருபுகள் பிறந்த வரலாற்றிலும் வியப்பான ஒப்புமை உண்டு. ‘புத்தொ’ என்பது ‘ஒட்டுதல்’ என்னும் பொருளுடைய வினையிலிருந்து வந்தது. நாமும் ‘அன்று தொட்டு இன்று வரை’ என்கிறோம். தொடுதல் என்னும் வினையே அங்கு உருபாகிவிட்டது. ‘எசொ’ என்பது ‘எ’ என்னும் இடவுருபோடு ‘இருத்தல்’ என்னும் பொருளுடைய பழைய வினை சேர்ந்து இறுகியது. எமது ‘இலிருந்து’ என்பதும் ‘இல்’ என்பதோடு ‘இருந்து’ என்னும் வினையெச்சம் சேர்ந்ததன்றோ? இவ்வாறு பார்க்குமிடத்து, இன்று தனியுருபாகத் தோன்றுவது முன்னொரு காலத்தில் கூட்டாக இருந்தது என்பது புலனாகும். நாள்தோறும் சேர்ந்து வரும் சொற்கள் காலப்போக்கில் ஒன்றாகி விடுகின்றன.

ஒப்புமை வேறு, உறவு வேறு

இத்தகைய ஒப்புமைகளைக் கண்டு மயங்கியோரும் உளர். கொரியாவில் வாழ்ந்த அமெரிக்கராகிய ஹோமர் ஹல்பர்ட் என்பவர் கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு 1905 ஆம் ஆண்டு இலக்கண நூலொன்று வெளியிட்டார். இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்பது அவர் எண்ணம். இன்றைய மொழியியலாளர் அதனை ஏற்பதில்லை. ஒட்டுநிலை அமைப்பு உலகின் பல மொழிகளுக்குப் பொதுவானது. துருக்கி மொழியும் யப்பானிய மொழியும் அவ்வாறே அமைந்தன. தனிச்சொற்கள் சில ஒத்தொலித்தல் தற்செயலாகவும் நிகழும். ‘மன்’ என்னும் உருபையே நோக்குக. தொல்காப்பியத்திலும் ‘மன்’ என்றோர் இடைச்சொல் உண்டு. கழிவு, ஆக்கம், ஒழியிசை என்பன அதன் பொருள்கள். கொரிய ‘மன்’ என்பதற்கோ ‘மட்டும்’ என்பதே பொருள். ஒலி ஒன்று, பொருள் வேறு. ஆகவே உறவு கொண்டாடுவதை விடுத்து, ஒப்புமையைக் கற்றலுக்குத் துணையாக மட்டும் கொள்வதே அறிவுடைமை.

ஒப்புமை ஏமாற்றும் இடங்கள்

துணை என்று நம்பிய ஒப்புமையே சில இடங்களில் காலை வாரிவிடுகிறது. நான்கு இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ‘நண்பனையும் கண்டேன்’ என்னும் வாக்கியம். தமிழில் ‘ஐ’ உருபு நின்றபடி நிற்க, அதன்மேல் ‘உம்’ ஏறுகிறது. ‘சின்கு’ என்றால் நண்பன். தமிழ்ப் பழக்கத்தின்படி ‘சின்கு-ருல்-தோ’ என்று சொல்லத் தோன்றும். கொரியர் அவ்வாறு சொல்வதில்லை. ‘சின்கு-தோ’ என்பதே வழக்கு. ‘நண்பனும்’, ‘நண்பனையும்’ என நாம் பிரித்துக் காட்டும் இரண்டையும் அவர்கள் ஒரே வடிவிற் கூறி, எது கருத்து என்பதைச் சூழலுக்கு விட்டுவிடுவர். ஆயின் ‘நண்பனுக்கும்’ என்பதில் கொரியமும் உருபை விடாது ‘சின்கு-எகெ-தோ’ என்கிறது. எங்கே விடவேண்டும், எங்கே விடலாகாது என்பதைத் தமிழ்ச்செவி தானாக உணர்த்தாது. கற்றே அறிதல் வேண்டும்.

இரண்டாவது, எமது ‘இல்’ உருபு. ‘வீட்டில் இருக்கிறான்’, ‘வீட்டிற் படிக்கிறான்’ என இரண்டிடத்தும் நாம் ஒன்றையே வழங்குகிறோம். கொரியத்தில் இருப்புக்கு ‘எ’, செயலுக்கு ‘எசொ’. ‘வீட்டுக்குப் போகிறான்’ என்பதற்கும் ‘எ’ தான். ‘வீட்டிலிருந்து வருகிறான்’ என்பதற்கும் ‘எசொ’ தான். அடியிலுள்ள உருபு பிழைத்தால் அதன்மேல் ஏற்றும் ‘நுன்’ என்பதும் ‘தோ’ என்பதும் சரியாக இருந்தும் பயனில்லை. அத்திவாரம் கோணின் சுவர் நேராகுமா?

மூன்றாவது, ‘மட்டும்’ என்பதன் இடம். ‘யக்’ என்றால் மருந்து. ‘யக்-மன்-உரோ’ எனவும் ‘யக்-உரோ-மன்’ எனவும் இரண்டு முறையாலும் கூறலாம். ‘மன்’ முன்னே நின்றால், ‘மருந்து ஒன்றே போதும், நோய் தீரும்’ என்பது கருத்து. ‘மன்’ பின்னே நின்றால், ‘மருந்தாலன்றி வேறெதனாலும் நோய் தீராது’ என்பது கருத்து. முன்னது போதுமையைக் கூறுகிறது. பின்னது வேறு வழியை விலக்குகிறது. தமிழில் ‘மருந்தினால் மட்டும்’ என உருபின் பின்னரே ‘மட்டும்’ வருவது இயல்பு. ஆகையால் தமிழ் மாணவனுக்கு இரண்டாவது வடிவமே எப்போதும் நாவில் வரும். நோயாளிக்கு அறிவுரை கூறும் இடத்தில் இவ்வேற்றுமை சிறிதன்று.

நான்காவது, உடைமை உருபு. கொரியத்தில் ‘உயி’ என்னும் உடைமை உருபு மற்றோர் உருபின்மேலும் ஏறும். ‘புமோ-வா-உயி’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘பெற்றோர்-உடன்-உடைய’ என்றாகும். தமிழில் அவ்வாறு அடுக்க இயலாது. ‘பெற்றோருடனான’ என்று ‘ஆன’ சேர்த்தே அடுத்து வரும் பெயரோடு பிணைக்கிறோம். இவ்வகை வடிவங்கள் பேச்சிற் குறைவு. செய்தித்தாளிலும் பாடநூலிலும் மிகுதி. எனவே பேசக் கற்றவன் வாசிக்கும்போது இவ்விடத்தில் தடுமாறுவான்.

பிறநாட்டார் இடறும் விதம்

இடறுவோர் தமிழர் மட்டுமல்லர். ஆங்கிலம் தாய்மொழியாக உடையோர் உறவுச் சொல்லைப் பெயருக்கு முன்னே வைத்துப் பழகியவர்கள். பின்னே வைப்பதே அவர்களுக்கு முதற் பாடம். சீன மொழியிற் பெயரோடு ஒட்டும் வேற்றுமை உருபுகள் இல்லை. ஆதலின் சீன மாணாக்கர் உருபை விட்டுவிடுதல் இயல்பு. யப்பானியருக்கு வழி மிக எளிது. அவர்கள் மொழியிலும் ‘உம்’ போன்ற உருபு வந்தால் எழுவாய் உருபும் செயப்படுபொருள் உருபும் மறைகின்றன. ஆயினும் அவர்களும் தப்புவதில்லை. யப்பானியத்தில் பஸ் வண்டிக்கு ‘இல்’ அல்லது ‘கு’ போன்ற உருபு சேர்த்து ‘ஏறு’ என்பர். கொரியத்திலோ ‘பஸ்ஸை’ என்பது போலச் செயப்படுபொருளாக்குவதே பெருவழக்கு. ‘பஸ்ஸில் ஏறு’ என்னும் தமிழரும் இவ்விடத்தில் யப்பானியரோடு சேர்ந்தே விழுகின்றனர்.

தென்கொரியாவின் தேசிய மொழி நிறுவகம், அயல்நாட்டு மாணாக்கர் எழுதியனவற்றையும் பேசியனவற்றையும் பெருந்தொகுப்பாகச் சேர்த்து, அவற்றிற் காணும் வழுக்களைக் குறித்து வைத்துள்ளது. விடுதல், வேண்டாது சேர்த்தல், ஒன்றுக்கு மற்றொன்றை இடுதல், வடிவம் பிழைத்தல் என வழுக்கள் அங்கே நால்வகையாகப் பகுக்கப்படுகின்றன. ‘சின்கு-ருல்-தோ’ என்பது வேண்டாது சேர்த்தலாகும். ‘எசொ’ வரவேண்டிய இடத்தில் ‘எ’ வருவது மாற்றி இடுதலாகும். வடிவம் பிழைத்தலுக்கும் அடுக்குருபே நல்ல உதாரணம். உயிரீற்றின் பின் ‘நுன்’, மெய்யீற்றின் பின் ‘உன்’ என்பது விதி. ‘சின்கு’ உயிரீறு, ஆதலின் ‘சின்கு-நுன்’. இடையே ‘மன்’ புகுந்தாலோ ஈறு மெய்யாகிவிடும். அப்போது ‘சின்கு-மன்-உன்’ என்றே வரும். கண்ணைப் பெயரின்மேல் வைத்திருக்கும் மாணவன் இங்கே பிழைப்பான். தேர்ந்தவனோ கடைசியாக ஒட்டிய உருபின் ஈற்றையே நோக்குவான்.

கற்கும் வழி

இவற்றை எவ்வாறு கற்கலாம்? உருபுகளைப் பட்டியலாக எழுதி மனனம் செய்தல் முதற்படி மட்டுமே. பட்டியலில் ‘எசொ’ ஓரிடத்திலும் ‘தோ’ மற்றோரிடத்திலும் கிடக்கும். பேச்சிலோ அவை பிணைந்தே வரும். ஆகவே அடிக்கடி வரும் கூட்டுக்களை ஒரே சொற்போலச் செவியிற் பதித்தல் நன்று. ‘எ-நுன்’, ‘எசொ-நுன்’, ‘எசொ-தோ’, ‘எகெ-மன்’, ‘கஜி-மன்’ என்பன போன்ற சில கூட்டுக்கள் கைவந்தால் அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி தெளிவாகும்.

இரண்டாவதாக, ஒரே வாக்கியத்தை எழுதி உருபை மட்டும் மாற்றிப் பார்த்தல் வேண்டும். ‘வீட்டிற் படிக்கிறேன்’ என்பதை ‘வீட்டிலும்’, ‘வீட்டில் மட்டும்’, ‘வீட்டிலோ என்றால்’ எனக் கொரியத்தில் மாற்றி எழுதி, ஒவ்வொன்றும் எந்த வினாவுக்கு விடையாகும் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்க. உருபின் பொருள் அகராதியில் இல்லை. அது விடையளிக்கும் வினாவில் இருக்கிறது.

மூன்றாவதாக, காதைப் பழக்குதல். விரைந்த பேச்சில் ‘எ-நுன்’ என்பது ‘என்’ எனவும், ‘எசொ-நுன்’ என்பது ‘எசொன்’ எனவும், ‘எகெ-நுன்’ என்பது ‘எகென்’ எனவும் சுருங்கும். தலைப்புருபு ஒற்றை மெய்யாகக் குறுகி நிற்பதைக் கேட்டுப் பழகாதவன், பரீட்சை மண்டபத்தில் அதனை வேறு சொல்லென்று எண்ணி மயங்குவான். எழுத்திற் கற்ற ஒவ்வொரு கூட்டையும் அதன் சுருங்கிய வடிவோடு சேர்த்துக் கற்பது இம்மயக்கத்தைத் தீர்க்கும்.

நான்காவதாக, வழுக்களைக் குறிக்க ஒரு கொப்பி. பிழைத்த வாக்கியத்தையும் திருந்திய வாக்கியத்தையும் அருகருகே எழுதி, தமிழ்ப் பழக்கம் எவ்விடத்தில் புகுந்தது என்று ஒரு வரி குறித்து வைத்தால், அப்பிழை மீண்டும் வருவது அருகும். நான்கு வகை வழுக்களுள் தாம் பெரிதும் எதனைச் செய்கிறோம் என்பதும் சில வாரங்களில் தெரிந்துவிடும்.

வீட்டிலுள்ளோரும் இதில் உதவலாம். கொரியம் அறியாத தாயும் தந்தையும்கூட, ‘இங்கும்’, ‘இங்கு மட்டும்’, ‘இங்கோ’ என்பவற்றின் வேற்றுமையைப் பிள்ளையிடம் தமிழிற் கேட்டு விளக்கம் பெறுதல் கூடும். தாய்மொழியில் அவ்வேற்றுமையைச் சொல்லத் தெரிந்தவனே பிறமொழியில் அதனைத் தேடிக் கண்டுகொள்வான். நாள்தோறும் எண்ணாமலே நாம் வழங்கும் உம்மும் மட்டும்மும் எத்துணை நுட்பமானவை என்பதை அயல்மொழி ஒன்று எமக்கு உணர்த்துமாயின், அதுவும் ஓர் ஊதியமே. தொழில் தேடிக் கடல் கடக்கும் இளைஞன் பெட்டியில் எடுத்துச் செல்லும் பொருள்கள் பல. அவற்றோடு, தொழிற்சாலைச் சுவரிலுள்ள அறிவித்தலின் கடைசி அசையைக் கூர்ந்து படிக்கும் பழக்கத்தையும் அவன் கொண்டு செல்வானாக.